‘ரெக்ளமேஷன்’: ஒரு இங்கிலீஷ் வார்த்தை கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்த கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு போர்டுல ஆரம்பிக்குது.

என்கூட வேலை பார்க்கிற சென்னைப் பையன் ஒருத்தன் போன தீபாவளிக்கு எங்க ஊருக்கு வந்திருந்தான். தேனியில இருந்து கம்பம் போற பஸ். அவனுக்கு ஜன்னல் சீட். ரெண்டு பக்கமும் நெல் வயல், தென்னந்தோப்பு, தூரத்துல மேற்குத் தொடர்ச்சி மலை. போட்டோ எடுத்துக்கிட்டே வந்தவன் திடீர்னு என் தோளைத் தட்டினான். “டேய், ஸ்கூலுக்குப் போய் யாராவது இப்படிப் பேரு வைப்பாங்களா?” திரும்பிப் பார்த்தேன். அரசு கள்ளர் பள்ளி.

அவனுக்குத் தெரிஞ்ச தமிழ்ல கள்ளன்னா திருடன். அவ்வளவுதான். நான் சொன்னேன், “அது ஒரு சமூகத்தோட பேருடா. அவங்களுக்காக வெள்ளைக்காரன் காலத்துல கவர்மெண்ட் ஆரம்பிச்ச பள்ளிக்கூடம். கள்ளர் ரெக்ளமேஷன்னு சொல்லுவாங்க.” அவன் இன்னும் குழம்பிட்டான். “ரெக்ளமேஷனா? கடலை மூடி நிலமாக்குறது தானே அது? பாம்பேல பாந்த்ரா ரெக்ளமேஷன் இருக்கே, அந்த மாதிரி?”

எனக்கு உடனே பதில் வரல. சின்ன வயசுல இருந்து அந்த வார்த்தையைக் கேட்டிருக்கேன். ஆனா அதுக்கு என்ன அர்த்தம்னு ஒரு நாளும் யோசிச்சதில்ல. எங்களுக்கு அது ஒரு ஸ்கூல் பேரு, ஒரு ஆபீஸ் பேரு. அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

இங்கிலீஷ் வார்த்தைகளோட அர்த்தம் காலப்போக்குல எப்படி மாறுதுன்னு நிறைய ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. ‘நைஸ்’னா ஒரு காலத்துல முட்டாள்னு அர்த்தம். அது லத்தீன்ல ‘ஒண்ணும் தெரியாதவன்’ங்கிற சொல்லுல இருந்து வந்தது. ‘சில்லி’ன்னா முன்னாடி பாக்கியசாலி. ‘ஆஃபுல்’னா பிரமிப்பு தர்றது. கேட்க ஜாலியா இருக்கும். ஏன் ஜாலியா இருக்குன்னா, அந்தப் பழைய அர்த்தங்கள் எல்லாம் செத்துப்போச்சு. இன்னைக்கு யாரையாவது ‘நைஸ்’னு சொன்னா அவங்க முட்டாள்னு கோவிச்சுக்க மாட்டாங்க.

ஆனா பழைய அர்த்தம் சாகாம இருந்தா? அந்த அர்த்தத்துக்குள்ளயே ஆளுங்க குடியிருந்தா? ‘ரெக்ளமேஷன்’ அப்படிப்பட்ட ஒரு வார்த்தை.

பருந்தும் புறம்போக்கும்

முதல்ல இந்த வார்த்தையோட ஜாதகத்தைப் பார்த்துடுவோம்.

லத்தீன்ல ‘ரெக்ளமாரே’ன்னு ஒரு வினைச்சொல். அதுக்கு அர்த்தம் எதிர்த்துக் குரல் கொடுக்கிறது, ஆட்சேபம் சொல்றது. ‘கிளெய்ம்’, ‘எக்ஸ்கிளெய்ம்’ எல்லாம் இதே குடும்பம். எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது கத்துறதுதான். ஆக இந்த வார்த்தை பிறந்தப்ப அது ஒரு எதிர்ப்புக் குரல். இதை ஞாபகத்துல வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

அங்கிருந்து பழைய பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்கு வருது. வந்த இடம் வேட்டைக்களம். பிரபுக்கள் வேட்டைக்கு வல்லூறு, பருந்து பழக்குவாங்க. பறக்கவிட்ட பறவையைக் குரல் கொடுத்துத் திரும்பக் கையில வந்து உட்கார வைக்கிறதுக்குப் பேரு ‘ரீக்ளெய்ம்’. கத்துறது யாருன்னு கவனிங்க. லத்தீன்ல எதிர்க்கிறவன் கத்தினான். இங்கிலீஷ்ல எஜமான் கத்துறான்.

அதுக்கப்புறம் வேகமா நகருது. கூப்பிட்டா வர்ற பறவை பழகின பறவை. அதனால ‘ரீக்ளெய்ம்’னா காட்டுத்தனத்தை அடக்கிப் பழக்குறதுன்னு ஆச்சு. அது மனுஷனுக்கும் வந்துச்சு. தப்பு வழியில போனவனைத் திருத்திக் கொண்டுவர்றது. கடைசியா, 18ஆம் நூற்றாண்டுல நிலத்துக்கு வந்துச்சு. சதுப்பு, தரிசு, கடலோரச் சேறு, இதையெல்லாம் விவசாயத்துக்குக் கொண்டுவந்தா அதுவும் ‘ரெக்ளமேஷன்’.

இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. காட்டுப் பறவை, கெட்ட மனுஷன், தரிசு நிலம். மூணுக்கும் ஒரே வினைச்சொல். மூணும் தானா உருப்படாது, யாராவது மேல இருந்து வந்து வசத்துக்குக் கொண்டுவரணும்ங்கிற எண்ணம் அந்த ஒரே சொல்லுல ஒளிஞ்சிருக்கு.

இதை வெள்ளைக்காரன் புத்தின்னு மட்டும் ஒதுக்கிட முடியாது. நம்ம தமிழ்லயும் ‘காடு திருத்தி’ வயலாக்குறோம், பையனைத் ‘திருத்தி’ வழிக்குக் கொண்டுவர்றோம். நிலத்தைப் பண்படுத்துறோம், அதே சொல்லுல இருந்துதான் பண்பாடும் வருது. மனுஷனையும் மண்ணையும் ஒரே கண்ணால பார்க்கிறது பல மொழியில உண்டு. கேள்வி என்னன்னா, யாரு யாரைத் திருத்துறது? கையில என்ன இருக்கு, கலப்பையா லத்தியா?

1920கள்ல பிரிட்டிஷ் இந்தியாவுல ரெண்டு பெரிய ‘ரெக்ளமேஷன்’ நடந்துச்சு. ஒண்ணு பம்பாய்ல பேக்பே ரெக்ளமேஷன். கடலுக்குள்ள மண்ணைக் கொட்டி நிலம் எடுக்கிற திட்டம். ஏகப்பட்ட பணம் விழுங்கி, அன்னைய கவர்னர் லாய்ட் பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ற அளவுக்கு ஆச்சு. இன்னொண்ணு மதுரை ஜில்லாவுல. அங்க திருத்த எடுத்துக்கிட்டது கடலை இல்ல, மனுஷங்களை.

ஃபண்டு கலவரமான கதை

இன்னைய தேனி மாவட்டம் 1996ல பிரிஞ்சதுதான். அதுக்கு முன்னாடி இது மதுரை ஜில்லா. பிறமலைக் கள்ளர்கள் முக்கியமா உசிலம்பட்டி வட்டாரத்துல வாழ்ற சமூகம். அங்கிருந்து கணவாய் தாண்டி மேற்கே வந்து கம்பம் பள்ளத்தாக்குலயும் குடியேறினாங்க.

அந்தக் காலத்துல மதுரைச் சீமையில ‘காவல்’னு ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஊருக்கு ஒரு காவல்காரர். அவருக்கு விளைச்சல்ல ஒரு பங்கு. மாடு காணாமப் போனா கண்டுபிடிச்சுத் தர வேண்டியது, இல்லன்னா ஈடு கட்ட வேண்டியது அவர் பொறுப்பு. கள்ளர்கள் பல ஊர்ல காவல்காரங்க. இதுல ரெண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கம் அது ஊர்ப் பாதுகாப்பு. இன்னொரு பக்கம், காவல் கூலி தராத ஊர்ல திருட்டு நடக்கும்ங்கிற பயம். விவசாயிகளுக்கு அது மேல கோபம் இருந்தது உண்மை. கம்பெனி ஆட்சிக்கும் அதுக்குப் பின்னாடி வந்த அரசாங்கத்துக்கும் இந்தக் காவல் பிடிக்கல. போலீஸ்னு ஒண்ணை நாங்க வச்சிருக்கப்ப நீங்க யாரு காவல் காக்கன்னு கேட்டாங்க.

1896ல இது வெடிச்சது. திண்டுக்கல், பழனி, பெரியகுளம் பக்கத்துல விவசாயிகள் கூட்டம் போட்டாங்க. இனிமே காவல்காரனுக்குப் பணம் கிடையாது, நாமளே பொதுவுல பணம் சேர்ப்போம், மாடு திருடு போனா அதுல இருந்து ஈடு கொடுப்போம்னு முடிவு. அந்தப் பொதுப் பணத்துக்கு ‘ஃபண்ட்’னு பேரு. அது சும்மா சேமிப்போட நிக்கல. ஊர் ஊரா கள்ளர்களை விரட்டுற இயக்கமா மாறிச்சு. வீடுகளுக்குத் தீ வச்சாங்க. அதனால அந்தக் காலத்தை இந்தப் பக்கம் ‘பண்டு கலவரம்’னு சொல்றாங்க.

‘ஃபண்ட்’ங்கிற வார்த்தை லத்தீன்ல ‘ஃபுண்டுஸ்’. அடித்தளம், நிலம், பண்ணைன்னு அர்த்தம். லண்டன்ல அது கையிருப்புப் பணம் ஆச்சு. நமக்கு இப்போ மியூச்சுவல் ஃபண்ட். நடுவுல பெரியகுளம் தாலுகாவுல அது ஒரு கலவரத்தோட பேரு. இந்த அர்த்தம் எந்த இங்கிலீஷ் டிக்‌ஷனரியிலும் ஏறல. ஆனா வீடு எரிஞ்சவங்களுக்கு அதுதான் அந்த வார்த்தையோட அர்த்தம்.

இதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1895ல, பென்னிகுயிக் கட்டின முல்லைப் பெரியாறு அணை திறந்தாச்சு. மலைக்கு அந்தப் பக்கம் போன தண்ணி குகை வழியா இந்தப் பக்கம் திரும்பிச்சு. இன்னைக்குக் கம்பம் பள்ளத்தாக்குல 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம்னு பொதுப்பணித்துறை கணக்கு சொல்லுதுன்னா அதுக்கு அந்தத் தண்ணிதான் காரணம். தண்ணி பள்ளத்தாக்கைத் தாண்டி வைகையில கலந்து மேலூர் வரைக்கும் போச்சு. ஆனா உசிலம்பட்டி மேட்டு நிலத்துக்கு ஏறல. நடுவுல இருக்கிறவங்களுக்குத் தண்ணி கிடையாது. காவல் வருமானமும் போச்சு. நிலத்துக்கு ரெக்ளமேஷன் கிடைக்காத இடத்துக்குத்தான் மனுஷனுக்கு ரெக்ளமேஷன் வந்துச்சு.

குற்றம் இல்ல, குற்றச்சாட்டு

1871ல வட இந்தியாவுல ‘கிரிமினல் டிரைப்ஸ் ஆக்ட்’னு ஒரு சட்டம் போட்டாங்க. 1911ல அதைத் திருத்தி மெட்ராஸ் மாகாணம் உட்பட மொத்த நாட்டுக்கும் விரிச்சாங்க. அரசாங்கம் ஒரு அறிவிப்பு போட்டா போதும், ஒரு சமூகமே பிறவிக் குற்றவாளி ஆயிடும். அப்படித்தான் 1910கள்ல பிறமலைக் கள்ளர்கள் அந்தப் பட்டியல்ல வந்தாங்க.

‘கிரிமினல்’ங்கிற வார்த்தையையும் கொஞ்சம் திறந்து பார்ப்போம். லத்தீன்ல ‘கிரிமென்’. அதோட அடிப்படை அர்த்தம் குற்றம் இல்ல, குற்றச்சாட்டு. ஒருத்தன் மேல வைக்கிற புகார். அதுக்கப்புறம்தான் அது குற்றத்தையே குறிக்க ஆரம்பிச்சது. சாதாரணமா கோர்ட்டு என்ன செய்யும்? குற்றச்சாட்டுக்கும் குற்றத்துக்கும் நடுவுல விசாரணைன்னு ஒண்ணு வைக்கும். இந்தச் சட்டம் அந்த நடுவுல இருக்கிறதை எடுத்துடுச்சு. குற்றச்சாட்டே குற்றம். இரண்டாயிரம் வருஷம் பழைய அர்த்தம் ஒரு கெஸட் அறிவிப்புல திரும்ப உயிரோட வந்துச்சு.

நடைமுறையில என்ன ஆச்சு? ஆம்பளைங்க பேரைப் பதியணும், கைரேகை கொடுக்கணும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷன்லயோ ஊர்ச் சாவடியிலயோ போய்ப் படுக்கணும். கல்யாணம், சாவுன்னு வெளியூர் போறதா இருந்தா ராதாரிச் சீட்டு வாங்கணும். ‘ராஹ்தாரி’ங்கிறது வழிப் பயணத்துக்கான பாரசீகச் சொல். புதுசா கல்யாணம் ஆனவனும் சாவடியிலதான் படுக்கணும். யோசிச்சுப் பாருங்க, இன்னைக்கு நைட் ஷிப்டுக்கே நாம எவ்வளவு புலம்புறோம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அந்த மக்கள் இந்தச் சட்டத்தை அதோட இங்கிலீஷ் பேரைச் சொல்லிக் கூப்பிடவே இல்ல. ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ங்கிறது எழுத்துல வந்த மொழிபெயர்ப்பு. ஊர்ல அதுக்குப் பேரு ‘ரேகைச் சட்டம்’. அரசாங்கம் வச்ச பேரு அவங்க யாருன்னு சொல்லிச்சு. அவங்க வச்ச பேரு அரசாங்கம் என்ன செஞ்சுதுன்னு சொல்லிச்சு. உன் வார்த்தையை நான் எடுத்துக்க மாட்டேன், நீ என் கைக்கு என்ன பண்ணியோ அதைத்தான் உனக்குப் பேரா வைப்பேன். ஒரு சமூகம் ஒரு வார்த்தைக்கு இதைவிடச் சுருக்கமா பதில் சொல்ல முடியாது.

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டி பக்கத்துல பெருங்காமநல்லூர். ரேகை எடுக்கப் போலீஸ் வருது. ஊர் முடியாதுங்குது. துப்பாக்கிச் சூடு. மாயக்காள்ங்கிற பெண் உட்பட குறைஞ்சது 16 பேர் செத்துப்போனாங்க. ஜாலியன்வாலாபாக் நடந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஜாலியன்வாலாபாக் நம்ம பாடப்புத்தகத்துல இருக்கு. பெருங்காமநல்லூரை எனக்கு யாரும் கிளாஸ்ல சொல்லித்தரல.

ஆரம்பத்துல ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொன்னேன்ல? ‘ரெக்ளமாரே’, எதிர்த்துக் குரல் கொடுக்கிறது. அந்தச் சொல்லோட முதல் அர்த்தத்தை, அந்தச் சொல்லையே கேள்விப்படாத ஒரு ஊரு அன்னைக்குச் செஞ்சு காட்டிச்சு.

இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினவங்க, வாதாடினவங்கள்ல ஜார்ஜ் ஜோசப் முக்கியமானவர். செங்கன்னூர்ல பிறந்து மதுரையில வக்கீலா இருந்த மலையாளி. வைக்கம் போராட்டத்துலயும் இருந்தவர். அவரைக் கள்ளர் மக்கள் ‘ரோசாப்பூ துரை’ன்னு கூப்பிட்டாங்க. ஜோசப் ரோசாப்பூ ஆயிட்டார். வெள்ளைக்கார அதிகாரிக்குச் சொல்ற ‘துரை’யை எடுத்து, அந்த அதிகாரியை எதிர்த்து நிக்கிற ஆளுக்கு வச்சாங்க. இதுவும் அர்த்தம் மாறுறதுதான். ஆனா இதை மாத்தினது அகராதி எழுதுறவங்க இல்ல.

அடிச்ச கையும் எழுதின கையும்

துப்பாக்கிச் சூட்டுக்கு அப்புறம் அரசாங்கத்துக்கு ஒண்ணு புரிஞ்சுது. ரேகை மட்டும் போதாது. அதே 1920 வாக்குல ஆரம்பிச்சதுதான் கள்ளர் ரெக்ளமேஷன் திட்டம். பள்ளிக்கூடங்கள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கள்ளர் பஞ்சாயத்துகள், கிணறு வெட்டக் கடன், நிலம், மில் வேலை, தோட்ட வேலை. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ரேகைச் சட்டத்துக்குப் பதிலா வரல, அதுகூட சேர்ந்து வந்துச்சு. ராத்திரி அப்பா சாவடியில போய்ப் படுக்கணும். காலையில பையன் அதே அரசாங்கத்தோட பள்ளிக்கூடத்துல சிலேட்டைப் பிடிக்கணும். பருந்து, மனுஷன், நிலம்னு மூணு அர்த்தமும் ஒரே திட்டத்துக்குள்ள இருந்துச்சு.

நேர்மையா ரெண்டு பக்கத்தையும் சொல்லணும். அந்தப் பள்ளிக்கூடங்கள் வந்த நோக்கம் அவமானகரமானது. ஆனா வந்த பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தான். அதுல படிச்சவங்க டீச்சர் ஆனாங்க, வக்கீல் ஆனாங்க, போலீஸும் ஆனாங்க. தன்னோட தாத்தாவோட ரேகையை எடுத்த டிபார்ட்மெண்ட்ல பேரன் இன்ஸ்பெக்டர். இன்னைக்கு மதுரை, தேனி, திண்டுக்கல் மூணு மாவட்டத்துலயும் சேர்த்து ஏறக்குறைய 300 கள்ளர் பள்ளிகள் இருக்கு. பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ இல்ல, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறைக்குக் கீழ. எல்லாச் சமூகத்துப் பிள்ளைங்களும் அங்க படிக்கிறாங்க.

தமிழ்ல அதுக்குக் ‘கள்ளர் சீரமைப்பு’ன்னு பேரு. இந்த மொழிபெயர்ப்பும் சுவாரசியமானது. ‘சீரமைப்பு’ங்கிற வார்த்தையை இன்னைக்கு நீங்க எங்க பார்ப்பீங்க? ரோட்டுல. சாலை சீரமைப்புப் பணி நடைபெறுகிறது, மாற்றுப் பாதையில் செல்லவும். உடைஞ்சதைச் சரி பண்றது. இங்கிலீஷ்ல அடக்கிப் பழக்குறதா இருந்தது தமிழ்ல பழுது பார்க்கிறதா ஆயிடுச்சு. கொஞ்சம் மென்மை. ஆனா உடைஞ்சது மனுஷன்தான்ங்கிற எண்ணம் அப்படியே நிக்குது. ரோட்டை உடைச்சது யாருன்னு அந்த வார்த்தையும் கேட்கல.

நடைமுறையில ரெண்டு மூணு தலைமுறைக்குள்ள அந்த வார்த்தை தேய்ஞ்சு போச்சு. எங்க காதுல ‘ரெக்ளமேஷன்’னா பருந்தும் இல்ல, திருத்தலும் இல்ல. சத்துணவு, மணி, ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குற வாத்தியார். பயம் போய் பழக்கம் வந்துடுச்சு. மொழியியல்ல இதுக்கு அழகான பேரெல்லாம் இருக்கு. நான் புரிஞ்சுக்கிட்டது, ஒரு கெட்ட வார்த்தையை முந்நூறு ஊர்ல முப்பதாயிரம் தடவை காலைப் பிரேயர்ல சொன்னா அது வெறும் முகவரி ஆயிடுது.

ஒரு ‘டி’ எழுத்தோட விலை

1947ல மெட்ராஸ் மாகாணம் ரேகைச் சட்டத்தை ரத்து பண்ணுச்சு. 1952 ஆகஸ்ட் 31ல நாடு முழுக்க ரத்து. பட்டியல்ல ‘நோட்டிஃபை’ பண்ணி வச்சிருந்தவங்களை ‘டீநோட்டிஃபை’ பண்ணினாங்க. அதனால அவங்களுக்கு ‘டீநோட்டிஃபைடு டிரைப்ஸ்’னு பேரு. சுருக்கமா டிஎன்டி.

சாஃப்ட்வேர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு பழைய ஃபங்ஷனை ‘டெப்ரிகேட்டட்’னு குறிச்சு வைப்போம். இனிமே யாரும் பயன்படுத்தாதீங்கன்னு. ஆனா அழிக்க மாட்டோம். எங்கயோ ஒரு பழைய மாட்யூல் அதை இன்னும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும். ‘டீநோட்டிஃபைடு’ அந்த மாதிரி. குற்றவாளி இல்லன்னு சொல்றதுக்கே ஒருகாலத்துல குற்றவாளின்னு சொன்னோம்ங்கிறதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கு.

பழைய மாட்யூல் எங்க கூப்பிட்டுச்சு? 1948லயே மெட்ராஸ்ல வழக்கமான குற்றவாளிகளுக்குன்னு தனிச் சட்டம் வந்துடுச்சு. ‘ஹாபிச்சுவல் அஃபெண்டர்’. மத்த மாநிலங்கள்லயும் வந்துச்சு. ‘டிரைப்’ போய் ‘ஹாபிட்’ வந்துச்சு, கண்காணிக்கப்பட்ட ஆளுங்க பெரும்பாலும் அதே ஆளுங்க. இது பழங்கதை இல்ல. 2024 அக்டோபர் 3ல சிறைகள்ல ஜாதி பார்த்து வேலை பிரிக்கிறதைப் பத்தி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னப்ப, ‘ஹாபிச்சுவல் அஃபெண்டர்’ங்கிற சொல்லை டீநோட்டிஃபைடு மக்கள் மேல முத்திரையா குத்தக் கூடாதுன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. சட்டம் ரத்தாகி 72 வருஷம் கழிச்சு.

தமிழ்ல இன்னொண்ணு நடந்துச்சு. ‘டீநோட்டிஃபைடு’க்கு நேரடி மொழிபெயர்ப்பு போடாம ‘சீர்மரபினர்’னு பேரு வச்சாங்க. ‘குற்றப் பரம்பரை’யில இருந்த பரம்பரை மரபு ஆச்சு, குற்றம் இருந்த இடத்துல சீர் வந்துச்சு. இங்கிலீஷ்ல ‘முன்னாள் குற்றவாளி’ வாடை இருக்கு. தமிழ்ல அதைத் துடைச்சு எடுத்துட்டாங்க. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு சல்யூட்.

ஆனா சர்டிபிகேட் இங்கிலீஷ்லதான் வேலை செய்யும். 1979ல தமிழ்நாடு அரசு ஒரு ஆணையில ‘டிரைப்ஸ்’ங்கிறதை ‘கம்யூனிட்டீஸ்’னு மாத்துச்சு. டிஎன்டி, டிஎன்சி ஆச்சு. ஒரே ஒரு எழுத்து. 68 சமூகங்கள். டெல்லியில டிஎன்டிக்குன்னு திட்டம் வந்தப்ப, கையில டிஎன்சி சர்டிபிகேட்டை வச்சிருக்கவன் என்ன செய்வான்? பல வருஷம் போராடினாங்க. 2019ல மத்திய அரசுத் திட்டங்களுக்கு டிஎன்டி, மாநிலத்துக்கு டிஎன்சின்னு ரெண்டு விதமா கொடுக்க உத்தரவு வந்துச்சு.

இதுல ஒரு திருப்பம் கவனிச்சீங்களா? 1911ல ‘டிரைப்’னு சொல்லி அடைச்சாங்க. நூறு வருஷம் கழிச்சு அவங்க பேரன் பேத்திங்க ‘எங்களை டிரைப்னு எழுதிக் கொடுங்க’ன்னு கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உட்கார்றாங்க. கொள்ளுத் தாத்தாவுக்கு அந்தச் சொல் விலங்கு. கொள்ளுப் பேத்திக்கு அது ஸ்காலர்ஷிப். டிக்‌ஷனரியில ‘டிரைப்’ங்கிற என்ட்ரி அப்படியே இருக்கு. மாறினது அந்தச் சொல்லைக் கையில வச்சிருக்கிறது யாருங்கிறதுதான்.

போர்டை எடுக்கலாமா?

இப்போ திரும்ப பஸ்ஸுக்கு வருவோம். என் ஃப்ரெண்டு கேட்ட கேள்வி சின்னக் கேள்வி இல்ல. 2023ல நாங்குநேரியில ஒரு மாணவனைச் சக மாணவர்களே ஜாதி வெறியில வெட்டின சம்பவத்துக்கு அப்புறம், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டாங்க. 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு. பள்ளிப் பேர்கள்ல ஜாதிப் பேரு வேண்டாம், கள்ளர் சீரமைப்பு, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாத்தையும் பள்ளிக்கல்வித் துறைக்குக் கீழ கொண்டுவாங்கன்னு பரிந்துரை. தேனி, மதுரைப் பக்கம் எதிர்ப்பு கிளம்புச்சு.

ரெண்டு தரப்பும் சொல்றதுல நியாயம் இருக்கு. பேரை எடுக்கணும்ங்கிறவங்க சொல்றது: டிசியில ஒரு குழந்தை ஏன் இன்னொருத்தர் ஜாதிப் பேரைச் சுமக்கணும்? பள்ளிக்கூட வாசல்லயே ஜாதியைப் படிக்க வச்சுட்டு உள்ளே சமத்துவம் சொல்லித்தர முடியுமா? எடுக்கக் கூடாதுங்கிறவங்க சொல்றது: இது பெருமைக்கு வச்ச ஜாதிப் பேரு இல்ல, நாங்க பட்டதுக்கு ரசீது. போர்டு போனா பணியிடம் போகும், நிதி போகும், கடைசியில நடந்ததே நடக்கலன்னு ஆயிடும்.

எனக்கு இதுல ஒரு கருத்து உண்டு, சொல்லிடுறேன். ஜாதிப் பேரு இல்லாத பள்ளிக்கூடத்துலதான் என் குழந்தை படிக்கணும்னு நான் ஆசைப்படுறேன். ஆனா அந்தப் போர்டைக் கழட்டுற அன்னைக்கு, அதே சுவத்துல ஒரு கல்வெட்டு வைக்கணும். 1911, 1920, 1947. ரேகைச் சட்டம்னா என்ன, பெருங்காமநல்லூர்ல என்ன நடந்துச்சு, இந்தப் பள்ளி ஏன் வந்துச்சுன்னு நாலே வரி. அந்த நாலு வரி இல்லாம வெறும் பேரை மட்டும் அழிச்சா, ‘நைஸ்’, ‘சில்லி’ மாதிரி பழைய அர்த்தம் சத்தமில்லாம செத்துடும். அதுல நமக்கு நஷ்டம் இல்லன்னு தோணும். அந்த அர்த்தத்துக்குள்ள வாழ்ந்தவங்களுக்குத்தான் நஷ்டம். பேரை மாத்தணுமா வேண்டாமான்னு முடிவெடுக்கிற கூட்டத்துல முதல் நாற்காலி அவங்களுக்குத்தான் போடணும்.

வார்த்தைகளோட அர்த்தம் ஆறு மாதிரி தானா மாறும்னு மொழியைப் பத்திப் பேசுறவங்க சொல்லுவாங்க. இந்தப் பள்ளத்தாக்குல வளர்ந்தவன் எனக்கு அதுல ஒரு சந்தேகம். எங்க ஆறே தானா இந்தப் பக்கம் வரல. மலையைக் குடைஞ்சு, கரையைக் கட்டி, சாவு எண்ணித் திருப்பிவிட்டாங்க. வார்த்தையும் அப்படித்தான். யாரோ ஒருத்தர் திருப்பினாத்தான் திரும்புது. சில சமயம் ஒரு கெஸட், சில சமயம் ஒரு ஊரு.

‘ரீக்ளெய்ம்’க்கு கடந்த சில பத்தாண்டுகள்ல புது அர்த்தம் ஒண்ணு வந்திருக்கு. தன்னை இழிவா கூப்பிட்ட சொல்லை அந்த மக்களே கையில எடுத்து, தன்னோடதா ஆக்கிக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள், பால் புதுமையினர் பத்திப் பேசுறப்ப இதை நிறையக் கேட்டிருப்பீங்க. எதிர்ப்புக் குரல்ல ஆரம்பிச்சு, பருந்து, குற்றவாளி, தரிசு நிலம்னு சுத்தி, அந்தச் சொல் மறுபடியும் எதிர்க்கிறவங்க வாய்க்கே வந்து சேர்ந்திருக்கு.

அன்னைக்குப் பஸ்ல என் ஃப்ரெண்டுக்கு நான் பதில் சொல்லல. போன வாரம் இந்த ஸ்கிரிப்டை அவனுக்கு அனுப்பினேன். ஒரே ஒரு மெசேஜ் வந்துச்சு: “அடுத்த தடவை வரும்போது பெருங்காமநல்லூர் போலாமா?” போறோம். கம்பத்துல இருந்து கிளம்பினா காலையில போய்ட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.

உங்க ஊர்ல இப்படி ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கா? ஆபீஸ் பேரு, தெருப் பேரு, பஸ் ஸ்டாப் பேரு? பாட்டி தாத்தா கிட்ட கேளுங்க. அவங்க அதை எப்படி உச்சரிக்கிறாங்கன்னு கவனிங்க. அவங்க ‘தப்பா’ சொல்ற இடத்துல ஒரு வரலாறு இருக்கலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.